லினக்ஸ் டெஸ்க்டாப்பை அழகுபடுத்தும்போது எங்கே சறுக்குகிறது?

புதுத் தீம் போட்டதும் படம் வரையும் நிரலான இங்க்ஸ்கேப் நிறம் மாறிவிடும். கோப்பு மேலாளரான ஃபைல்ஸ் பழைய வெள்ளையிலேயே நிற்கும். வீடியோ இயக்கியான விஎல்சி இரண்டோடும் ஒட்டாமல் தனியாகத் தெரியும். தீமில்தான் கோளாறு என்று இன்னொன்றை இறக்கிப் போட்டாலும் இதே கதைதான். லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமில் தீம் என்பது ஒரே பொருள் அல்ல. அதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்குவதே முதல் தவறு.

மேல்பட்டையும் அறிவிப்புகளும் க்னோம் ஷெல் என்ற முகப்பு நிரலின் தனித் தீமைப் படிக்கின்றன. அதை மாற்ற ‘யூசர் தீம்ஸ்’ நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வேண்டும். ஜிடிகே 3 என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள், ட்வீக்ஸ் என்ற அமைப்பு நிரலில் நீங்கள் தேர்ந்தெடுத்ததை ஏற்கும். 2022இல் வந்த க்னோம் 42 முதல் க்னோமின் சொந்த நிரல்கள் ஒவ்வொன்றாக லிப்அட்வைட்டா என்ற க்னோமின் தோற்ற நூலகத்துக்கு மாறின. அவை அந்தத் தேர்வைக் கண்டுகொள்வதே இல்லை. க்யூடி என்ற வேறு கருவித்தொகுப்பில் எழுதிய விஎல்சி போன்ற நிரல்களுக்கு வழியே வேறு. லிப்அட்வைட்டா நிரல்களுக்கு வெளிர், கருமை என்ற மாற்றமும், க்னோம் 47இலிருந்து அழுத்த நிறத் (பொத்தான்கள் போன்றவற்றை எடுத்துக்காட்டும் நிறம்) தேர்வும் உண்டு. பலருக்கு இதுவே போதும்.

போதாதவர்கள் கையாளும் குறுக்குவழி, உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளி கான்ஃபிக் (.config) என்ற மறைந்த ஃபோல்டருக்குள் உள்ள ஜிடிகே-4.0 ஃபோல்டரில் தீமின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) கோப்பை இணைப்பாக (லிங்க்) வைப்பது. வேலை செய்யும். ஆனால் நாளை ட்வீக்ஸில் வேறு தீம் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். கருமைத் தீமை நீக்கிய பிறகும் பாதி நிரல்கள் கருப்பாகவே இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அந்தச் சிஎஸ்எஸ்ஸை நீக்கிவிட்டு நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

இதைவிட மோசமானது ஜிடிகே_தீம் என்ற சூழல் மாறியை (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் மதிப்பு) எப்போதும் அமலில் இருக்கும்படி எழுதி வைப்பது. தீம் உருவாக்குபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக உள்ள வசதி அது. நிரந்தரமாக வைத்தால் லிப்அட்வைட்டா நிரல்களில் பொத்தான்களும் பட்டியல்களும் கலைந்து தெரியும். கருமை-வெளிர் பொத்தானும் பயனற்றுப்போகும். தங்கள் நிரலில் வெளித் தீம் திணிக்கப்பட்டு, அதனால் வரும் பிழைப் புகார்கள் தங்கள் தலையில் விழுகின்றன என்று நிரலர்கள் சிலர் 2019இல் ஒரு திறந்த மடலே வெளியிட்டார்கள். அவர்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

தீமை இறக்கி விரிக்கும் இடத்திலும் ஒரு சின்ன வழுக்கல் உண்டு. விரித்ததும் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் வந்து, அதற்குள் தீம் இருக்கும். ஹோமில் உள்ள புள்ளி தீம்ஸ் (.themes) ஃபோல்டரில் வைக்கும் ஃபோல்டரைத் திறந்த உடனே இண்டெக்ஸ்.தீம் கோப்பும் ஜிடிகே-3.0 ஃபோல்டரும் கண்ணில் பட வேண்டும். ஜிடிகே-3.0 ஃபோல்டர் அங்கே இல்லையென்றால் ட்வீக்ஸ் பட்டியலில் தீம் வராது. எஸ்சிஎஸ்எஸ் கோப்புகள் (சிஎஸ்எஸ்ஸாக மாற்ற வேண்டியவை) மட்டும் இருந்தால் நீங்கள் இறக்கியது மூலநிரல். கூடவே வரும் நிறுவல் ஸ்கிரிப்டை வாசித்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அமைப்பின் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் உள்ள தீம் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பழையபடி எழுதிவிடும்.

ஃபிளாட்பேக் என்ற பொதி முறையில் வரும் நிரல்கள் தனிக் கூண்டில் ஓடுவதால் உங்கள் தீம் ஃபோல்டர் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. அதே தீம் அவற்றின் கடையான ஃபிளாட்ஹப்பில் பொதியாக இருந்தால் அதை நிறுவுவதே சுத்தமான வழி. இல்லையேல் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் நிரல் மூலம் புள்ளி தீம்ஸ் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். சலித்துப்போய் ஹோம் முழுவதையும் திறந்துவிட்டால் கூண்டு எதற்கு?

நீட்சிகள் விஷயத்தில் பலரும் செய்வது, பதிப்பு பொருந்தவில்லை என்று மறுக்கும் நீட்சியின் மெட்டாடேட்டா கோப்பில் எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்றுவது. சில சமயம் பலித்தது. ஆனால் 2023இல் க்னோம் 45 நீட்சிகளின் ஜாவாஸ்கிரிப்ட் அமைப்பையே மாற்றியது; அதற்கு முந்தைய நீட்சிகளை எண் மாற்றி மட்டும் எழுப்ப முடியாது. மேலும் நீட்சி ஓடுவது ஷெல்லுக்கு உள்ளேயே. அது ஷெல்லைக் கவிழ்த்தால் வேலேண்ட் (திரைக் காட்சி நெறிமுறை) அமர்வில் திறந்திருந்த எல்லா நிரல்களும் சேர்ந்தே போகும்.

க்னோமுக்கு மாற்றான கேடிஇ பக்கம் ஆபத்து இன்னும் கூர்மையானது. கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் ‘குளோபல் தீம்’ வெறும் நிறத்தொகுப்பு அல்ல. நிரல் துண்டுகளும் அதில் வரலாம். 2024 மார்ச்சில் கேடிஇ கடையிலிருந்து இறக்கிய அப்படியொரு தீம் ஒரு பயனரின் கோப்புகளை அழித்தது. கெட்ட எண்ணம் இல்லை, ஒரு நீக்கல் கட்டளை தவறான இடத்தில் ஓடியதுதான். அதன்பின் கேடிஇ எச்சரிக்கையும் விடுத்தது. நிறம் மட்டும் போதுமென்றால் நிறத்திட்டத்தை மட்டும் இறக்குங்கள். அது வெறும் உரைக்கோப்பு, எதையும் இயக்காது.

தமிழில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் எழுத்துருவில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். க்னோமின் எழுத்துருக்களான காண்டரெல்லிலோ, 48ஆம் பதிப்பில் வந்த அட்வைட்டா சான்ஸிலோ தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால் எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் வேறோர் எழுத்துருவை எடுத்துக் கொடுக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க நோட்டோ எழுத்துருப் பொதியை நீக்கினால், வேறு தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் கட்டங்கள்தான் மிஞ்சும். எது எடுக்கப்படுகிறது என்று எஃப்சி-மேட்ச் கட்டளையில் தமிழ் மொழிக்குறியைக் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் உங்கள் ஃபாண்ட்கான்ஃபிக் கோப்பில் நோட்டோ சான்ஸ் தமிழையோ லோகித்தையோ முன்னுரிமையில் வையுங்கள். டெர்மினலில் தமிழ் சிதறுவது வேறு விவகாரம்: அங்கே எழுத்துகள் சம அகலக் கட்டங்களில் அமர்வதால் எழுத்துரு மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் க்னோம் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப் நிரலின் டம்ப் கட்டளையால் அமைப்புகளை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். லோட் கட்டளையால் திரும்ப ஏற்றலாம். தீம் கோப்புகளும் மேலே சொன்ன ஜிடிகே-4.0 ஃபோல்டரும் அதில் சேராது. தனியாகப் பிரதி எடுக்க வேண்டும்.

உள்நுழைவுத் திரையை மட்டும் விட்டுவிடுங்கள். அதைக் காட்டும் ஜிடிஎம் நிரல் வேறொரு பயனர் கணக்கில் ஓடுவதால் உங்கள் தீம் அதற்குப் பொருந்தாது. மாற்ற வேண்டுமென்றால் ஷெல்லின் தீமைப் பொதித்து வைத்திருக்கும் ஜிரிசோர்ஸ் கோப்பையே மாற்ற வேண்டும். பதிப்பு பிசகினால் கருந்திரைதான் மிஞ்சும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி உரைத் திரைக்குப் போய் உள்நுழையுங்கள். க்னோம் ஷெல் பொதியை மறுநிறுவல் செய்யுங்கள். உபுண்டு என்றால் ஷெல்லின் காமன் பொதியையும் அதன் ‘யாரு’ (Yaru) தீமின் ஷெல் பொதியையும் சேர்த்துச் செய்துவிட்டு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.