இலங்கை ஆறுகளைப் பற்றி நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூடப் புவியியலில் இலங்கையின் ஆறுகளுக்கு ஒரே ஒரு படம்தான். நடுவில் மத்திய மலைநாடு; அங்கிருந்து நாலாபக்கமும் கடலுக்கு இறங்கும் நீலக் கோடுகள். பக்கத்தில் 'ஆரை வடிகால்' என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். படத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தோடு நின்றுவிட்டவர்கள் கட்டுரை எழுதும்போதும், ஊர் பார்க்கப் போகும்போதும், வெள்ளச் செய்தி வாசிக்கும்போதும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கோடு ஒரு பக்கம் போகிறது, தண்ணீர் இன்னொரு பக்கம் போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

முதலில் சின்னத் தவறு ஒன்று. 'இலங்கையில் 103 ஆறுகள்' என்ற வரியைப் பார்க்காத பொது அறிவுப் புத்தகம் இல்லை. 103 என்பது ஆற்று வடிநிலங்களின் எண்ணிக்கை. கடலில் போய் விழும் ஒவ்வொரு முதன்மை ஆறும் தன் கிளைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகத்தான் கணக்கில் வரும். அந்தக் கணக்கில் கொத்மலை ஓயாவும் அம்பன் கங்கையும் உமா ஓயாவும் தனித்தனி இல்லை, எல்லாம் மகாவலிக்குள் அடக்கம். தண்ணீர் ஓடும் தடத்தை எல்லாம் எண்ணப் போனால் இந்த எண்ணைப் போலப் பல மடங்கு வரும்.

அடுத்தது, எல்லா ஆறும் மலையில்தான் பிறக்கிறது என்பது. வன்னியில் வளர்ந்தவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறான மல்வத்து ஓயா (164 கி.மீ.) மத்திய மலைநாட்டைத் தொடுவதே இல்லை. அனுராதபுர மாவட்டத்தின் ரிட்டிகலைப் பக்கக் குன்றுகளில் தொடங்கி, வடமேற்காக ஓடி, மன்னார் மாவட்டத்துக்குள் அருவி ஆறாக நுழைந்து கடல் சேர்கிறது. கனகராயன் ஆறு, பறங்கி ஆறு, பாலி ஆறு எல்லாம் வன்னிச் சமவெளியின் மழையில் பிழைப்பவை. நுவரெலியாவில் நாலு நாள் அடைமழை பெய்தாலும் இரணைமடுக் குளம் ஒரு அங்குலம் ஏறாது. அதை நிரப்புவது கனகராயன் ஆறு. கனகராயன் ஆற்றை நிரப்புவது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பெய்யும் மாரி மழை.

சரி, மலையில் பிறக்கும் ஆறுகளையாவது சரியாகச் சொல்கிறோமா என்றால், அங்கேயும் ஒரு குழப்பம். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு 'மகாவலி பிறக்கிற இடம்' என்று படத்தின் கீழே எழுதிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் பெலிஹுல் ஓயாவில் சேர்ந்து, தெற்கே வளவை கங்கைக்குப் போய், அம்பலாந்தோட்டைக் கடலில் முடிகிறது. மகாவலிக்குப் போகும் அக்ரா ஓயாவும் அதே சமவெளியில் இருந்துதான் இறங்குகிறது, ஆனால் வேறு சரிவில். களனிக்குப் போகும் கிளைக்கும் அங்கே தலைப்பு உண்டு. ஒரே புல்வெளியில் பத்தடி தள்ளி விழுந்த இரண்டு மழைத்துளிகளில் ஒன்று கொழும்புக்கும் மற்றது திருகோணமலைப் பக்கத்துக்கும் போகலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஹோட்டன் சமவெளி வரை ஏறவும் தேவையில்லை. அட்டன் போதும். அட்டன் ஓயா வடக்கே இறங்கி மகாவலிக்குப் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் டிக்கோயாவின் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், கெஹெல்கமு ஓயா வழியாகக் களனியாகிவிடுகிறது. டிக்கோயாவில் இருந்து அட்டன் நகரத்துக்குக் கடைச்சாமான் வாங்க வருகிற தோட்டத்து ஆட்கள், தீவின் கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடையிலான நீர்ப்பிரிமேட்டைச் சர்வசாதாரணமாகக் கடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மகாவலி எங்கே போகிறது?

'மலைநாட்டில் பிறந்து வடகிழக்காகப் பாய்ந்து திருகோணமலையில் கடலில் கலக்கிறது.' மகாவலியைப் பற்றி எல்லாரும் எழுதும் வாக்கியம் இது. இந்த ஒரு வரிக்குள் மூன்று தவறு ஒளிந்திருக்கிறது.

ஒன்று, திசை. நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஆறு முதலில் வடக்கே வருகிறது. பேராதனைப் பூங்காவை மூன்று பக்கம் சுற்றி, கண்டி நகரத்தின் மேற்கிலும் வடக்கிலும் வளைத்து, கட்டுகஸ்தோட்டையையும் பொல்கொல்லையையும் தாண்டியபின் தென்கிழக்கே திரும்பிவிடுகிறது! விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தெம்பை என்று அணைகள் வரிசையாக இருப்பது இந்தப் பகுதியில்தான். மினிப்பைக்கு அப்பால் மலையை விட்டு இறங்கிய பிறகுதான் வடக்கே முகம் திருப்பி, மகியங்கனை, மன்னம்பிட்டி வழியாகச் சமவெளியில் போகிறது. 335 கி.மீ. நீளம் வந்தது இந்தச் சுற்றினால்தான்; நேராகப் போயிருந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். (கண்டி ஏரியை மகாவலியின் பகுதி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது கடைசி மன்னன் 1807இல் வெட்டுவித்தது. வழியும் நீர் மெத எல என்ற கால்வாயால் ஆற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான் உறவு.)

இரண்டு, முடிவு. திருகோணமலை நகரக் கடற்கரையில் நின்று மகாவலியைத் தேடினால் கிடைக்காது. ஆறு விழுவது நகரத்துக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில். அதற்கும் முன்பே ஒரு கிளை பிரிந்து, வெருகல் ஆறு என்ற பெயரில் தெற்கே தனியாகக் கடலுக்குப் போகிறது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கும் வெருகல் அதுதான். மகாவலி பெருகினால் வெருகலும் சேருவிலும் மூதூரும் ஏன் ஒன்றாக மூழ்குகின்றன என்பது இது தெரியாதவர்களுக்குப் புரியாது.

மூன்றாவதுதான் பெரிய தவறு: மகாவலித் தண்ணீர் முழுவதும் மகாவலியில்தான் ஓடுகிறது என்ற எண்ணம். 1976இல் பொல்கொல்லையில் தடுப்பணை கட்டியதில் இருந்து அது உண்மையில்லை. அங்கே ஒரு பங்கு தண்ணீர் மலைக்கு அடியால் சுமார் 8 கி.மீ. சுரங்கத்தில் புகுந்து, உக்குவளையில் மின்சாரம் தந்துவிட்டு, மாத்தளைப் பக்கம் சுது கங்கையில் விழுகிறது. சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. போவதென்னையில் மறுபடியும் ஒரு பிரிவு: ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் கலா வாவியின் பக்கம் திரும்புகிறது. மீதி அம்பன் கங்கையிலேயே போய் மின்னேரியாவுக்கும் பராக்கிரம சமுத்திரத்துக்கும் வாய்க்காலில் பிரிந்து, எஞ்சியது மன்னம்பிட்டிக்கு மேலே தாய் ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது.

கலா வாவிக்குப் போன தண்ணீரின் கதை அதோடு முடியவில்லை. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் வெட்டுவித்த ஜய கங்கை என்ற யோத எல, அதாவது பெரிய வாய்க்கால், அங்கிருந்து 87 கி.மீ. ஓடி அனுராதபுரத்தின் திசா வாவிக்குப் போகிறது. அதன் முதல் 17 மைலில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிவு. இன்றைய கருவிகளோடு வேலை செய்கிற பொறியியலாளர்களே நின்று பார்க்கும் வேலை அது. அனுராதபுரம் மல்வத்து ஓயாவின் நீரேந்துப் பகுதி. ஆக, கொத்மலையில் பெய்த மழையில் ஒரு துளி, கணக்குப்படி கிழக்கே கொட்டியாரக் குடாவுக்குப் போக வேண்டியது, வயலுக்கும் குளத்துக்கும் போன மிச்சத்தோடு மன்னார்க் கடலுக்கே போய்ச் சேரவும் வழி இருக்கிறது. வரைபடத்தில் இந்த இரண்டு ஆறும் எங்கேயும் தொட்டுக்கொள்வதில்லை.

இதே மாதிரி 2024இல் திறந்த உமா ஓயாத் திட்டமும் மகாவலியின் கிளையான உமா ஓயாத் தண்ணீரைச் சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் பக்கம், அதாவது தெற்கே, திருப்புகிறது. பழைய வடிநில வரைபடத்தை வைத்துக்கொண்டு 'இந்த ஊருக்கு எந்த ஆற்றுத் தண்ணீர்' என்று சொல்லப் போகிறவர்கள் இந்தச் சுரங்கங்களையும் கையோடு பார்க்க வேண்டும்.

நீளம் வேறு, நீர் வேறு

நீளமான ஆற்றில்தான் தண்ணீர் அதிகம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். களு கங்கையின் நீளம் 129 கி.மீ. மட்டுமே, மல்வத்து ஓயாவும் கலா ஓயாவும் (148 கி.மீ.) களனியும் (145 கி.மீ.) அதைவிட நீளம். ஆனால் கடலுக்கு அதிக நீரைக் கொண்டுபோவது களு கங்கைதான்: ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லியன் கன மீட்டர். சிவனொளிபாத மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது அதன் நீரேந்துப் பகுதி; தீவின் மிக ஈரமான மூலை அது. மல்வத்து ஓயாவோ கோடையில் பல இடங்களில் மணல்தான். அந்த மணலை நம்பி வாழவும் முடியாதென்பதால்தான், மன்னார் விவசாயத்துக்கு ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வெட்டிக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டுக்கரைக் குளம் ஆற்றின் குறுக்கே கட்டியது என்று எழுதுகிறவர்கள் இந்த வாய்க்காலைப் பார்க்காதவர்கள்.

பருவத்திலும் தவறு நடக்கிறது. 'மழைக்காலம்' என்று கொழும்பில் ஒருவர் சொன்னால் மே, ஜூன்; கிளிநொச்சியில் சொன்னால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. களு, களனி, ஜின், நில்வளா ஆறுகள் பெருகுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது: இரத்தினபுரி 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும், களனிக் கரை 2016 மே மாதத்திலும் மூழ்கியது. கிழக்கிலோ 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் கடலாகின. ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மகாவலியும் களனியும் ஒரே நேரத்தில் கரை புரண்டன.

பெயரை நம்பி ஏமாறுவது

கங்கை பெரிது, ஓயா சிறிது என்ற கணக்கு செல்லாது. மேலே உள்ள நீளங்களே சாட்சி. ஒரே ஆற்றை இரண்டாக எண்ணுவதும் நடக்கிறது: மல்வத்து ஓயாவும் அருவி ஆறும் ஒன்று, கல்லோயாவும் பட்டிப்பளை ஆறும் ஒன்று. மறுபக்கம், ஒரே பெயரில் இரண்டு ஆறு: இரத்தினபுரி, களுத்துறை வழியாகப் போகும் களு கங்கை ஒன்று, மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கைக்குப் போகும் களு கங்கை இன்னொன்று. 'களு கங்கை நீர்த்தேக்கம்' என்று செய்தி வந்தால் அது இரண்டாவது. களுத்துறைக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

ஆறு என்று பெயரில் இருந்தும் ஆறே இல்லாதவை வடகிழக்கில் நிறைய. தொண்டைமானாறு ஒரு கடல்நீரேரியின் வாய். நாயாறும் அப்படித்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் முடியும். மட்டக்களப்பு வாவியையும் ஊரில் ஆறு என்றே சொல்வார்கள். பேச்சில் சொல்வதில் குற்றமில்லை, ஆனால் வெள்ள நேரத்தில் அதன் குணம் வேறு. வாவிக்குள் வந்த தண்ணீர் வெளியேற முகத்துவாரத்தின் மணல் திட்டு திறந்திருக்க வேண்டும். தானாக உடையாவிட்டால் இயந்திரம் வைத்து வெட்டுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல் மூழ்கிய விவசாயிக்கும் வாவியில் மீன் பிடிக்கிறவருக்கும் ஒரே கருத்து இருப்பது அரிது.

வெள்ள அறிவித்தலை வாசிக்கும்போது

இங்கே செய்யும் தவறுக்கு விலை அதிகம். தலைக்கு மேல் வெயில் அடித்தால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது முதல் தவறு. களு கங்கை இரத்தினபுரிக்கு வருவதற்குள் மலையின் உயரத்தை எல்லாம் இறங்கி முடித்துவிடும். அங்கிருந்து களுத்துறை வரை நிலம் கிட்டத்தட்டத் தட்டை. தண்ணீர் அவசரப்படாது. இரத்தினபுரியில் மழை விட்டு ஒரு நாள், சில வேளை அதற்கும் மேல் கழித்துத்தான் கீழே உள்ள ஊர்களில் படியேறும். அருவி ஆற்றிலும் இதே கதை: மன்னாரில் தூறல்கூட இல்லாத நாளில் அனுராதபுரத்து மழை வந்து இறங்கும்.

அணைக்குக் கீழே குளிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கித்துல்கலையில் களனி ஆற்றின் மட்டம் மேலே உள்ள மின் நிலையங்கள் இயங்கும் நேரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். வான்கதவு திறந்தால், நீங்கள் குளிக்கிற இடத்தில் பெய்யும் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

கடைசியாக எண்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அட்டவணையில் களனிக்குப் பல நிலையங்கள் இருக்கும். ஹங்வெல்லையின் அளவு மீட்டரில், கொழும்பு நாகலகம் வீதியின் அளவு அடியில். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'இங்கே கூடியிருக்கிறது, அங்கே குறைந்திருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் வருகிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அவதான மட்டம், சிறு வெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம் என்று தனி அளவுகள் உண்டு. உங்கள் ஊருக்கு மேலே உள்ள நிலையம் எது என்று முதலில் பாருங்கள், அதன் அலகைப் பாருங்கள், பிறகு முந்தைய மணியின் அளவோடு ஒப்பிட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.