அட்டையில் ஒரு நாள், தகட்டில் அரை நாள்

பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. முன் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கும் உள் மட்கார்டை இரண்டு பக்கமும் துரு தின்றிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் நனைந்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. வண்டிக்காரர் வேறு, கம்பெனி போட்ட 5.20 இன்ச் டயரை எடுத்துவிட்டு 165 மில்லிமீட்டர் அகல டயரை மாட்டியிருந்தார். பழையது 132 மில்லி. ஆக, 33 மில்லி கூடுதல். பழைய அச்சிலேயே தகடு அடித்தால் உரசும். புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு வெல்டிங் தெரிந்தால் போதும் என்று நினைத்து நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். முதன்முதலில் கட்டியபோது, வண்டி நின்ற நிலையில் டயரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு அழகாக முடித்தேன். டெலிவரி எடுத்துப் போனவர் கோவை உக்கடம் தாண்டவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஒரு வேகத்தடையில் ஏறியதும் கர்ரென்று சத்தம். சாயங்காலமே வண்டி திரும்ப வந்துவிட்டது. நின்ற இடத்தில் அளவெடுத்தேன், டயர் நிற்காத இடத்தில் உரசியது.

அதனால் இப்போது முதல் வேலை, வண்டியின் உடம்பை ஸ்டாண்டில் ஏற்றி முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவது. பத்மினியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் தாடை போகும். ஸ்பிரிங் போனபின் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை சக்கரத்தைத் தூக்குங்கள். அங்கே வைத்து இடக்கோடி, வலக்கோடி என்று ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, டயரின் எந்த விளிம்பு எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். கீழே தொங்கும் நிலையிலும் ஒருமுறை. மேலே 40 மில்லி, ஒடிக்கும் பக்கங்களில் 25 மில்லி இடைவெளி விடுவது என் வழக்கம். ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்திலும், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்திலும் கட்டிங் மெஷினைக் கொண்டு போகவே கூடாது. அங்கே துரு இருந்தால் அது தனி வேலை, தனி பேச்சு.

அடுத்து அட்டை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அட்டை நல்லது, பழைய காலண்டர் அட்டை அதைவிட நல்லது. வளைத்தால் தகடு மாதிரியே பேசும். இரண்டு துண்டு போதும்: எஞ்சின் பக்கம் நிற்கும் பக்கச் சுவர், டயருக்கு மேலே குடை மாதிரி வளையும் பட்டை. இந்த வண்டியில் டயரின் ஆரம் 310, இடைவெளி 40, ஆக 350 மில்லி. காம்பஸை ஊன்ற வேண்டியது சக்கரம் மேலே முட்டி நிற்கும்போது அதன் மையம் எங்கே இருக்கிறதோ அங்கே. அரைவட்டப் பட்டை சுமார் 1,100 மில்லி வரும். நாலடி அகல ஷீட்டில் குறுக்கே ஒரே துண்டாக வெட்டிவிடலாம். அட்டையை டேப் போட்டு மாட்டி, மறுபடி சக்கரத்தை ஏற்றி இறக்கி ஒடித்துப் பாருங்கள். அட்டை கிழிந்தால் நஷ்டமில்லை.

தகடு 1.2 மில்லி சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வேண்டாம். வெல்டிங்கில் கிளம்பும் துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் எல்லாரும் சொல்வார்கள்; நானும் வருடக்கணக்கில் குடித்தேன், பால்காரருக்குத்தான் லாபம்.

பக்கச் சுவரின் வளைந்த விளிம்பில் 12 மில்லிக்கு மடிப்பு எடுக்க வேண்டும். 18 மில்லி பிளைவுட்டில் அதே வளைவை இரண்டு வெட்டி, நடுவில் தகட்டை வைத்து இறுக்கி, விளிம்பை மர சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஒரே இடத்தில் முழுசாக மடக்கினால் தகடு பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொஞ்சம், அப்புறம் திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் என்று நாலைந்து சுற்றில் இறங்குங்கள். சுருக்கம் விழுந்தால் அது சின்னதாக இருக்கும்போதே தட்டி அமுக்க வேண்டும். சுவரின் நடுவில் இரண்டு வரி பீடிங், அதாவது தகடு விறைப்பாக நிற்க நீளப் புடைப்பு, போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது தகர டப்பா சத்தம் வரும். பட்டையை ஆறு இன்ச் பைப்பில் வைத்துக் கையாலேயே வளைத்துவிடலாம்.

இனி வெல்டிங். பேட்டரியின் இரண்டு முனையையும், ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷனையும் கழற்றுங்கள். பெட்ரோல் ஓஸையும் பிரேக் ஓஸையும் விலக்கி ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய தார்ப்பூச்சு பிடித்துக்கொண்டால் புகையில் ஒன்றும் தெரியாது.

கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங் மெஷினில் 0.8 மில்லி கம்பி. சுவரின் மடிப்பில் பட்டையை வைத்து ஒரு டேக், அதாவது ஒரு பொட்டு வெல்டிங், அதற்கு நேர் எதிரில் ஒரு டேக், பிறகு நடுவில். இப்படித் தாவித் தாவி 25 மில்லிக்கு ஒன்று வரும்வரை போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் ஒருமுறை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பினால் நாலு இன்ச் நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்து வைத்திருக்கிறான். "நல்லா பிடிச்சிருக்குங்கண்ணா" என்றான். பிடித்துத்தான் இருந்தது, தகடு பொரித்த அப்பளம் ஆகியிருந்தது. அதைச் சுத்தியலால் திருத்துவதற்குப் பதிலாகப் புதுசு வெட்டினேன், நேரம் மிச்சம். டேக் போட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் பக்கத்தில் அடுத்ததைப் போடாதீர்கள். ஓட்டை விழுந்தால் பின்னால் செம்புத் தகட்டை அண்டைகொடுத்து அடையுங்கள், செம்பில் வெல்டிங் ஒட்டாது.

உடம்போடு சேரும் விளிம்பில் 40 மில்லிக்கு ஒன்றாக 6 மில்லி துளை போட்டு, இரண்டு பக்கமும் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடியுங்கள். முதலில் ஸ்க்ரூ போட்டு மாட்டி, சக்கரத்தைக் கடைசியாக ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்குமாகத் துளைகளை வெல்டிங்கால் நிரப்புங்கள். துளைக்குள் இருக்கும் பிரைமரை மட்டும் அதற்குமுன் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பொறி தெறிக்கும்.

பெயின்டுக்கு முன் எல்லா ஜாயின்ட்டிலும் இரண்டு பக்கமும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர். சேறு தங்கும் திட்டு எங்கேயும் இருக்கக்கூடாது. பழையது துருப்பிடித்ததே அப்படி ஒரு திட்டில்தான். பிறகு ஸ்பிரிங்கை மாட்டி, டயர் ஓரத்தில் கெட்டியாகச் சாக்பீஸ் பூசி, முன்னால் இரண்டு பேரை உட்காரவைத்து, நல்ல வேகத்தடை இருக்கும் தெருவில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒரு சுற்று. பத்மினி திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலப்பக்கப் பட்டையின் பின் ஓரத்தில் மட்டும் ஒரு நகத்தளவு வெள்ளை. அங்கே ஒரு தட்டு தட்டி, இன்னொரு சுற்று அனுப்பிவைத்தேன்.