பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறதா? சண்டைக்கு முன் செய்ய வேண்டியவை

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கொதித்துப்போய் நாய் வளர்ப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் பலரும் செய்வது. அப்போது நம்மிடம் கோபம் இருக்குமே தவிர, எப்போது, எவ்வளவு நேரம், எதனால் என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. அதனால் பேச்சை மூன்றாவது படிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

படி 1: எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு போதும். தேதி, குரைப்பு ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், அந்தச் சமயத்தில் தெருவிலோ அவர் வீட்டிலோ என்ன நடந்தது, இவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரம் எழுதுங்கள். ‘எப்பப் பார்த்தாலும் குரைக்குது’ என்று தோன்றியது, எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் குறிப்பிட்ட சில வேளைகளில் வந்து நிற்கும். கூடவே செல்போனில் சில ஒலிப்பதிவுகளும் எடுத்து வையுங்கள். சத்தத்தின் அளவை டெசிபலில் காட்டும் செயலிகளை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம், அவை தோராயமானவை.

‘நாமதான் ரொம்ப அலட்டிக்கிறோமோ’ என்று சந்தேகம் வந்தால்: தூக்கம் கெடாமலிருக்க, இரவில் படுக்கையறைக்குள் விட்டுவிட்டுக் கேட்கும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. நாய் பக்கத்தில் நின்று குரைத்தால் 80 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும்.

படி 2: ஏன் குரைக்கிறது?

உங்கள் நோட்டே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். வீட்டுக்காரர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, நடுநடுவே ஊளையும் கேட்டால், தனியாக இருக்கப் பயப்படுகிற நாயாக இருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான வேளையில் ஒரே மாதிரி தொடர்ந்து குரைத்தால் பெரும்பாலும் சலிப்பு: நடை இல்லை, விளையாட்டு இல்லை. வயதான நாய் திடீரென்று இரவில் கத்தத் தொடங்கினால் வலி, காது மந்தம், மூளைத் தளர்ச்சி என்று ஏதாவது இருக்கலாம். அதைக் கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

வாசலில் போகிறவர்களைப் பார்த்துக் குரைப்பது தனி ரகம். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் தன் வேலை முடிந்து போகிறார். நாயின் கணக்கில் அது தான் விரட்டியதால் நடந்தது. தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார் விடுவார்கள்? இதற்கு அதட்டலைவிட, தெரு தெரியாதபடி கேட்டையோ ஜன்னலையோ மறைப்பது நன்றாக வேலை செய்யும்.

படி 3: பேசுங்கள்

நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். உங்கள் குரலும் ஏறியிருக்கும், அவருக்கும் தற்காப்புதான் முதலில் வரும். தனியாக விட்டால் குரைக்கும் நாயாக இருந்தால் அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. அதனால், நாயின் பெயர் மணி என்று வைத்துக்கொண்டால், இப்படி ஆரம்பிக்கலாம்: “நீங்க வெளியே போனதும் மணி ரொம்ப நேரம் கத்திட்டே இருக்கான். என்னமோ கஷ்டப்படுறான்னு தோணுது. ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், கேக்குறீங்களா?” நாய்க்காகவும் பேசுகிறீர்கள் என்று தெரிந்தால் கதவு சாத்தப்படாது.

கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள். ‘குரைக்கவே கூடாது’ என்பது எந்த நாயாலும் முடியாத காரியம். ‘ராத்திரி உள்ளே படுக்க வைக்க முடியுமா?’ என்பது முடியும். அப்புறம், பழக்கம் மாற வாரங்கள் ஆகும். குரைத்தால் யாராவது வருவார்கள் என்று பழகிய நாயை வீட்டுக்காரர் கவனிக்காமல் விடத் தொடங்கினால், முதலில் சத்தம் கூடிவிட்டுத்தான் குறையும். அந்த நாட்களில் அவசரப்பட்டு மறுபடி போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

படி 4: உங்கள் பக்கம்

மதில் மேலிருந்து கத்தாதீர்கள். நாய்க்கு அது, தன்னோடு சேர்ந்து நீங்களும் குரைப்பது போலத்தான். வீட்டுக்காரர் சம்மதித்தால், அவர் கூட இருக்கும்போது நாயோடு பழகுங்கள். உங்களை அடையாளம் தெரிந்துவிட்டால் உங்கள் நடமாட்டத்துக்குக் குரைப்பது குறையும். கேட்காமல் தின்பண்டம் போட வேண்டாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் எல்லாம் நாய்க்கு நஞ்சு.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில நாய்கள் கண்டுகொள்வதில்லை, சில மிரண்டு இன்னும் அதிகமாகக் குரைக்கின்றன. கல்லெறிவது, விஷம் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். அது கொடுமை, பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

படி 5: எழுத்தில் புகார்

பேசியும் பலனில்லை என்றால் தேதிகளோடு மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது குடியிருப்புச் சங்கம் அல்லது வீட்டு உரிமையாளர், அதற்கும் பிறகு உள்ளாட்சி அலுவலகம். முதல் படியில் எழுதிய நோட்டுக்கு இங்கேதான் மதிப்பு.

படி 6: அதுவரை தூங்க

படுக்கையை அந்தப் பக்கச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள், மின்விசிறியை ஓட விடுங்கள். பஞ்சு போன்ற நுரைக் காதடைப்பானைச் சும்மா செருகினால் பயனில்லை. மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். காலை அலாரம் காதில் விழாமல் போகலாம், போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.