டிபிஏ தடவிய சுண்டெலித் தோலில் எஸ்ஓடி, கேட்டலேஸ்: பிழையில்லாமல் அளப்பது எப்படி?

நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட டிபிஏ என்ற ஃபோர்பால் எஸ்டர் ஒரு கட்டி ஊக்கி. ஏற்கெனவே மரபணு கெட்டிருக்கும் செல்களைப் பெருக வைத்துக் கட்டியாக்குவதே அதன் வேலை. தடவிய சில மணி நேரத்தில் சுண்டெலியின் மேல்தோலில் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்களை ஒழிக்கும் நொதிகளான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸும் (எஸ்ஓடி) கேட்டலேஸும் குறையத் தொடங்கும். இந்த இறக்கத்தை அளப்பது எளிது. அது மெய்யான இறக்கம்தானா என்று நிறுவுவதில்தான் பாடு.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு, 7 முதல் 9 வாரம் வயதுள்ள எலிகளை எடுத்து, தடவுவதற்கு 2 நாள் முன்பே முதுகு முடியை மழியுங்கள். அந்த 2 நாளில் முடி மறுபடி முளைத்த எலிகளை ஒதுக்கிவிடுங்கள். முடி வளரும் கட்டத்தில் தோல் தானாகவே தடித்து, செல்கள் பெருகிக்கொண்டிருக்கும். டிபிஏவின் விளைவை அதிலிருந்து பிரித்தறிய முடியாது.

டிபிஏவை அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கரைத்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். அதில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, அசிட்டோன் சேர்த்து 1 மில்லிலிட்டராக்கினால், தடவும் 0.2 மில்லிலிட்டரில் 2 மைக்ரோகிராம், அதாவது சுமார் 3.2 நானோமோல் இருக்கும். கண்ணாடிக் குப்பியே நல்லது. பாலிஸ்டைரீன் குழாயை அசிட்டோன் கரைத்துவிடும். நைட்ரைல் கையுறையையும் அது ஊடுருவும் என்பதால், துளி பட்டால் உடனே மாற்றுங்கள். டிபிஏ உங்கள் தோலையும் புண்ணாக்கும்.

அசிட்டோன் மட்டும் தடவிய குழு கட்டாயம். ஒன்றுமே தடவாத குழுவும் வேண்டும்.

மேல்தோலைப் பிரிக்க, தோலை 57 டிகிரி வெந்நீரில் 30 விநாடி முக்கி, உடனே பனிநீரில் போட்டு, ஐஸ் மேல் வைத்துச் சுரண்டுவது வழக்கம். சூடு நொதியைப் பாதித்ததா என்று முதலில் சோதியுங்கள்: ஒன்றும் தடவாத தோலில் பாதியை முக்கியும், மறுபாதியை முக்காமலும் சுரண்டி ஒப்பிட்டால் போதும். பிறகு 0.1 மில்லிமோலார் இடிடிஏ கலந்த 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 7.4) அரைத்து, 10,000 ஜி வேகத்தில் 4 டிகிரியில் 20 நிமிடம் சுழற்றுங்கள். அந்த பஃபரில் கெடாமலிருக்க யாராவது சோடியம் அசைடு போட்டிருந்தால், எல்லாக் குழுக்களிலும் கேட்டலேஸ் காணாமல் போகும்.

கேட்டலேஸுக்கு 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு. 240 நானோமீட்டரில் 30 விநாடி மட்டும் பாருங்கள். நீண்டால் குமிழி வரும், நொதியும் செயலிழக்கும். நொதி சேர்க்கும் முன் அந்தக் கரைசல் 0.44 அருகே ஒளி உறிஞ்சல் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் பாட்டிலில் இருக்கும் பெராக்சைடு வீரியம் இழந்திருக்கிறது. சயனைடு தாமிர-துத்தநாக எஸ்ஓடியை மட்டும் முடக்கும். ஆகவே எஸ்ஓடியை அளக்கும்போது சயனைடு சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை அளந்தால் தாமிர-துத்தநாக வகையையும் மாங்கனீசு வகையையும் பிரிக்கலாம். மாங்கனீசு வகை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பதால் சோனிகேட் செய்யாவிட்டால் (மீயொலியால் உடைக்காவிட்டால்) குறைவாகவே வெளிவரும். சயனைடு கரைசலில் அமிலம் படவே கூடாது.

ஏமாற்றுவது பெரும்பாலும் கணக்குப் பகுதிதான். டிபிஏ தோலை வீங்க வைக்கிறது. ரத்தநாளம் கசிந்து பிளாஸ்மா புரதம் திசுவுக்குள் வரும். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு நொதி என்று கணக்கிட்டால், நொதி குறையாமலேயே குறைந்ததுபோல் தெரியும். இன்னொரு பக்கம், சிவந்த தோலில் தேங்கும் சிவப்பணுக்களில் கேட்டலேஸும் தாமிர-துத்தநாக எஸ்ஓடியும் ஏராளம். அவை மெய்யான இறக்கத்தை மூடி மறைக்கும். ஒரே மாதிரியில் இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதால் முடிவு சீராகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. ஆகவே எலியின் இதயம் வழியாகக் குளிர்ந்த உப்புநீர் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு சாற்றிலும் 415 நானோமீட்டரில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். புரதத்தோடு டிஎன்ஏ அளவையும் வகுஎண்ணாக வைத்துக் கணக்கிடுங்கள். இரு கணக்கிலும் இறங்கினால் அந்த எண்ணை எழுதலாம். வீக்கத்தால் தோலுக்குள் புகுந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் டிஎன்ஏ கணக்கைக் குழப்பாமலிருக்க, அவற்றில் நிறைந்திருக்கும் மயலோபெராக்சிடேஸ் நொதியையும் அளந்து வைப்பது நல்லது.

இறக்கம் பிகேசி (டிபிஏ செல்லுக்குள் தூண்டிவிடும் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி) வழியாக வந்ததா, வெறும் எரிச்சலால் வந்ததா என்பதற்கு ஒரு குழு மிச்சம் வையுங்கள்: அதே நானோமோல் அளவில் 4-ஆல்ஃபா ஃபோர்பால் டைடெக்கனோயேட். பிகேசியைத் தூண்டாத, கட்டியை வளர்க்காத இந்தச் சேர்மமும் அதே இறக்கத்தைக் காட்டினால், நீங்கள் அளந்தது ஊக்கியின் செயலை அல்ல.