புதிய நகரத்தில் இரண்டு மாலைகள்: காக்டெய்ல் பார்களைச் சுற்றிப் பார்க்கும் முறை

வார இறுதியில் ஒரு நகரத்துக்குச் சென்று அங்குள்ள காக்டெய்ல் பார்களைப் பார்த்துவர நினைப்பவர்களில் பலர், இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைத் திரட்டிப் பத்துப் பன்னிரண்டு பெயர்களை இரண்டு இரவுகளுக்குள் அடைக்க முயல்கிறார்கள். அப்படிப் போனால் மூன்றாவது இடத்தைத் தாண்டியபின் நாக்குக்கும் நினைவுக்கும் எதுவும் பிடிபடாது. இந்த விளக்கம் வேறொரு முறையைச் சொல்கிறது: ஒரு மாலைக்கு இரண்டு பார்கள், ஒரு பாரில் ஒரு பானம், எல்லா இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரே அளவுகோல். காக்டெய்ல் மெனுவைக் கையில் எடுத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது. ஆகவே குடிப்பழக்கம் இல்லாதவர் இந்தப் பயணத்துக்காக அதைத் தொடங்க வேண்டியதில்லை. மது சேராத காக்டெய்ல்களைக் கொண்டும் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதியைச் செய்து பார்க்கலாம். கருவுற்றிருப்பவர்களும், மதுவோடு சேரக்கூடாத மருந்துகளை உட்கொள்பவர்களும், வாகனம் ஓட்டப்போகிறவர்களும் அந்த வழியையே பின்பற்ற வேண்டும்.

படி 1: நாளையும் நேரத்தையும் உறுதிசெய்தல்

மது அருந்துவதற்கான சட்டப்பூர்வ வயது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பல நாடுகளில் அது 18, ஜப்பானில் 20, அமெரிக்காவில் 21. வயதைக் காட்டும் அடையாள அட்டையை, தலை நரைத்தவர்களும்கூட, எடுத்துச் செல்வது நல்லது. நீங்கள் போகும் நாட்களில் தேர்தலோ மது விற்பனைக்குத் தடையுள்ள விடுமுறையோ வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் எந்த நகரத்திலும் கூட்டம் மிகுந்திருக்கும். ஞாயிறு அல்லது திங்கள் அன்று பல சிறிய பார்கள் மூடியிருக்கும். எனவே முதல் பாருக்கு அது திறக்கும் நேரத்திலேயே சென்றுவிட வேண்டும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பார்டெண்டருக்கு உங்களோடு பேச நேரமிருக்கும். எலுமிச்சைச் சாறு புதிதாகப் பிழியப்பட்டிருக்கும். இசையும் காதைப் பிளக்காது. இரண்டாவது பாருக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம்.

படி 2: நான்கு பார்களைத் தேர்ந்தெடுத்தல்

நான்கும் ஒரே வகையாக இருந்தால் நகரத்தின் ஒரு முகத்தை மட்டுமே பார்த்தவராவீர்கள். ஒரு பழைய ஹோட்டல் பார், அக்கம்பக்கத்தார் வழக்கமாக வந்துபோகும் ஒரு சிறிய பார், புதிய சோதனைகளைச் செய்யும் ஓர் இடம் என மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நான்காவதை அப்போதைக்குத் திறந்தே வையுங்கள். அதை எப்படி நிரப்புவது என்பது பின்னால் வரும்.

ஹோட்டல் பாரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காக்டெய்லின் வரலாற்றில் பெரும்பகுதி ஹோட்டல்களில்தான் நடந்தது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலில் உள்ள லாங் பாரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியாம் டோங் பூன் என்ற பார்டெண்டர் சிங்கப்பூர் ஸ்லிங் பானத்தை உருவாக்கினார் என்று அந்த ஹோட்டல் சொல்லிவருகிறது. லண்டனின் சவாய் ஹோட்டலில் உள்ள அமெரிக்கன் பார் இன்றும் காக்டெய்ல் பிரியர்கள் தேடிச் செல்லும் இடம். இத்தகைய இடங்களில் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் பழைய செய்முறைகள் ஒழுங்காகப் பின்பற்றப்படும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நீங்கள் போகும் நகரத்துக்கென்றே ஒரு பானம் இருக்கிறதா என்றும் தேடிப்பாருங்கள். வெனிஸில் ஹாரீஸ் பாரின் நிறுவனர் ஜுசெப்பே சிப்ரியானி வெள்ளை பீச் பழக்கூழையும் புரோசெக்கோ ஒயினையும் சேர்த்து பெல்லினியை உருவாக்கினார். ரை என்ற தானியத்திலிருந்து செய்யும் விஸ்கியும் பெஷோ பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் சேரும் சாஸரக், 2008இல் லூசியானா மாநிலச் சட்டமன்றத்தால் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் அதிகாரபூர்வ காக்டெய்லாக அறிவிக்கப்பட்டது. பிறந்த ஊரிலேயே ஒரு பானத்தைச் சுவைக்க முடியுமென்றால் உங்கள் நான்கு பானங்களில் ஒன்றை அதற்கு ஒதுக்குவது தகும்.

புத்தக அலமாரிக்குப் பின்னாலோ பெயர்ப்பலகை இல்லாத கதவுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும் பார்களைப் பற்றியும் நிறையப் படிப்பீர்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது இரகசியமாக இயங்கிய மதுக்கூடங்களை நினைவூட்டும் அலங்காரம் அது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கதவு ஒளிந்திருப்பதால் மட்டும் பானம் நன்றாகிவிடாது. ஒரு பாரை மதிப்பிட அதன் கதவைவிட மெனு உதவும். மெனு சுருக்கமாக இருக்கிறதா, ஒவ்வொரு பானத்திலும் என்னென்ன சேருகிறது என்று எழுதியிருக்கிறார்களா, மது சேராத பானங்களுக்கு ஒரு பகுதி இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். கடைசியாக, ஒரு மாலையின் இரண்டு பார்களும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 3: மெனுவைப் படிக்கப் பழகுதல்

1806ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளியான ஒரு செய்தித்தாள், காக்டெய்ல் என்பது ஏதேனும் ஒரு வடித்த மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்த கலவை என்று விளக்கியது. பிட்டர்ஸ் என்பது மூலிகைகளையும் பட்டைகளையும் மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. இன்றைய மெனுவில் நூறு பெயர்கள் இருந்தாலும் தொடக்கத்தில் அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது புளிப்புக் குடும்பம்: மது, எலுமிச்சைச் சாறு, இனிப்பு. டைகிரி, மார்கரிட்டா, விஸ்கி சவர் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, பழச்சாறே இல்லாமல் மதுவகைகளை மட்டுமே முதன்மையாகக் கொண்ட காட்டமான குடும்பம்: மார்ட்டினி, மன்ஹாட்டன், நெக்ரோனி, ஓல்ட் ஃபேஷன்ட். மூன்றாவது, சோடாவோ டானிக்கோ ஊற்றி உயரமான கண்ணாடிக் குவளையில் தரப்படும் நீண்ட பானங்கள்: ஜின் டானிக், டாம் காலின்ஸ், மொஹிட்டோ. விசித்திரமான பெயருள்ள புதிய பானம் ஒன்றைப் பார்த்தால், அதன் பொருட்களைப் படித்து அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஊகித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பார்டெண்டர் சிலவற்றை ஷேக்கரில் போட்டுக் குலுக்குவதையும் சிலவற்றை நீண்ட கரண்டியால் கலக்குவதையும் கவனிப்பீர்கள். பழச்சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, கிரீம் போன்றவை சேர்ந்தால் குலுக்குவார்கள். அதனால் காற்றுக்குமிழிகள் புகுந்து பானம் மென்மையாக நுரைக்கும். மதுவகைகள் மட்டுமே சேர்ந்தால் தெளிவு கெடாமலிருக்கக் கலக்குவார்கள். இரண்டிலும் ஐஸ் உருகித் தண்ணீர் சேரும். தண்ணீர் ஊற்றி ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பானம் அத்தனை வேகமாகக் குளிர்வதற்குக் காரணமே அந்த உருகல்தான். எவ்வளவு தண்ணீர் சேரவிடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

படி 4: அளவுகோலை வைத்துக்கொள்ளுதல்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு பானத்தைக் குடித்தால், பானம் வேறுபட்டதா, பார் வேறுபட்டதா என்று தெரியாது. ஒரே பாட்டை இரண்டு பாடகர்கள் பாடக் கேட்கும்போதுதான் குரலின் வேறுபாடு விளங்குகிறது.

அளவுகோலுக்கு நான் பரிந்துரைப்பது டைகிரி. கியூபாவில் தோன்றிய இந்தப் பானத்தில் மூன்றே பொருட்கள் உள்ளன. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறைப்படி 60 மில்லி வெள்ளை ரம், 20 மில்லி புதிய எலுமிச்சைச் சாறு, இரண்டு பார் கரண்டி பொடிச் சர்க்கரை. ஒளித்துவைக்க எதுவும் இல்லாததால் பழைய சாறும், சோம்பலான குலுக்கலும், கண்மதிப்பு அளவும் உடனே நாக்கில் தெரிந்துவிடும். கசப்பை விரும்புகிறவர்கள் ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றையும் சம அளவில் சேர்க்கும் நெக்ரோனியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இருவராகப் பயணம் செய்தால் ஒருவர் டைகிரியையும் மற்றவர் அந்தப் பாரின் சொந்தப் படைப்பையும் வாங்கி, ஒரு மிடறு மாற்றிக்கொள்ளலாம். தனியாகச் சென்றால் முதல் மாலையில் இரண்டு இடங்களிலும் அளவுகோல் பானம், இரண்டாம் மாலையில் பார்களின் சொந்தப் படைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கவுன்டரில் அமர்ந்து கேட்டு வாங்குதல்

மேசை காலியாக இருந்தாலும் கவுன்டர் முன்னால் உள்ள இருக்கையைக் கேளுங்கள். சாறு எந்தப் புட்டியிலிருந்து வருகிறது, ஜிகர் எனப்படும் அளவுக் குவளையால் அளந்து ஊற்றுகிறார்களா, கண்ணாடிக் குவளையை முன்பே குளிரவைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். அளந்து ஊற்றுவதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. சில மில்லி எலுமிச்சைச் சாறு கூடினாலே டைகிரி கெட்டுவிடும் என்பதால் அது பொறுப்பான செயல்தான்.

மெனுவில் எதுவும் பிடிபடவில்லை என்றால், “ஏதாவது நல்லதாகக் கொடுங்கள்” என்று சொல்வதைத் தவிர்த்து மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த மது பிடிக்கும், புளிப்பா கசப்பா இனிப்பா, காட்டமாக வேண்டுமா இலேசாக வேண்டுமா. உதாரணமாக, “ஜின் பிடிக்கும், புளிப்பாக இருக்க வேண்டும், அதிகக் காட்டம் வேண்டாம்” என்றால் அவருக்கு வேலை எளிதாகிவிடும்.

உண்ணக்கூடாதவை இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். விஸ்கி சவர் போன்றவற்றில் முட்டையின் வெள்ளைக்கரு சேரலாம். மை தாய் என்ற ரம் காக்டெய்லில் பாதாம் சிரப் இருக்கும். கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் மில்க் பஞ்ச், பாலைத் திரித்து வடிகட்டிச் செய்வது. சைவ உணவு உண்பவர்கள் பிளடி மேரி என்ற தக்காளிச் சாறு காக்டெய்லில் சேரும் வொர்செஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி மீன் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மதுவை முற்றிலும் தவிர்ப்பவர்கள் தங்கள் பானத்தில் பிட்டர்ஸ் வேண்டாம் என்று சொல்வது அவசியம். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் உள்ளது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. டைகிரி, மார்ட்டினி போல ஐஸ் இல்லாமல் தண்டுள்ள குவளையில் வரும் பானங்கள் சிறிது நேரத்திலேயே வெதுவெதுப்பாகிச் சுவை குன்றிவிடும். ஆனால் வேகமாகக் குடிப்பதோ நல்லதல்ல. நீண்ட நேரம் அமர்ந்து பேச எண்ணினால் பெரிய ஐஸ் கட்டியின் மேல் ஊற்றப்படும் ஓல்ட் ஃபேஷன்டையோ நீண்ட பானத்தையோ கேளுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் அதன் எடையோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும்.

பானம் நன்றாக அமைந்திருந்தால், புறப்படும் முன் பார்டெண்டரிடம், வேலை முடிந்தபின் அவர் எங்கே போவார் என்று கேளுங்கள். இரண்டாவது படியில் காலியாக விட்ட நான்காவது இடம் அந்தப் பதிலுக்குத்தான். பட்டியல்கள் சொல்லாத பார்கள் இப்படித்தான் தெரியவரும்.

படி 6: ஆல்கஹாலைக் கணக்கிடுதல்

கணக்கு எளிது: மில்லி அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, அதை 0.789ஆல் பெருக்கினால் கிராமில் விடை கிடைக்கும். 40 சதவீத ரம் 60 மில்லி என்றால் ஏறக்குறைய 19 கிராம். வகைக்கு 30 மில்லி சேரும் நெக்ரோனியிலும் அதே அளவுதான் வரும். ‘ஒரு பானம்’ என்று கணக்கிட நாடுகள் வைத்திருக்கும் நிலையான மது அளவு ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம் ஆல்கஹால். ஆக, சிறிய குவளையில் வரும் ஒரு டைகிரி உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவாகும்.

ஈரல் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலையே சிதைக்கிறது. அதன்படி ஒரு டைகிரி கழிய ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மணி நேரமாகும். காப்பியும் குளிர்ந்த குளியலும் இதை விரைவுபடுத்துவதில்லை. புறப்படும் முன்பே வயிறாரச் சாப்பிட்டால் ஆல்கஹால் இரத்தத்தில் கலப்பது மெதுவாகும். இரண்டு பார்களுக்கும் இடையே ஏதேனும் உண்டு, ஒவ்வொரு பானத்தோடும் ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்குச் செல்லும்போது பாதி பானத்தைக் கவனிப்பாரற்று விட்டுச் செல்லாதீர்கள்.

படி 7: குறிப்பெடுத்தல், பணம் செலுத்துதல், திரும்புதல்

பானத்தின் பெயர், நன்றாக இருந்தது எது, இல்லாதது எது என்று கைபேசியில் மூன்று வரிகள் எழுதினால் போதும். படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷைத் தவிர்த்து, அருகில் இருப்பவர்கள் முகம் விழாமல் எடுங்கள். ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின் டிப்ஸைத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது பார் எப்போதும் தங்குமிடத்துக்கு அருகில் இருப்பது வசதி. தொலைவென்றால் டாக்ஸியை முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். மறுநாள் காலையில் காரில் ஊர் திரும்புகிறவர்கள் மேலே சொன்ன கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு டைகிரிகளில் ஏறக்குறைய 38 கிராம் ஆல்கஹால் இருப்பதால், இரவு பன்னிரண்டு மணிக்கு இரண்டாவதை முடித்தவரின் உடலில் விடியற்காலையிலும் அதன் எச்சம் இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் வண்டியை மதியத்துக்கு மேல் எடுக்கட்டும், அல்லது இரண்டாம் மாலையின் கடைசிப் பானத்தை மது சேராததாக வாங்கட்டும்.