குட்டிப் பாம்புக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா சாப்பாடு? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் போன மாதம் போல் பைதன் என்கிற சின்ன வகை மலைப்பாம்பின் குட்டி ஒன்று வாங்கினான். சனிக்கிழமை இரவு மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து வாட்ஸப்பில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சாப்பிட்டு எத்தின நாள் மனே?" என்று அம்மா கேட்டா. "மூண்டு நாள் அம்மம்மா." அம்மாவின் முகம் வாடிப்போனது. "பச்சப்பிள்ளைய இப்பிடிப் பட்டினி போடலாமா?" அவனும் குழம்பிவிட்டான். "மாமா, இன்னொண்டு குடுக்கட்டா?"

குடுக்காதே என்றேன். நான் லண்டனில் இருந்த காலத்தில் கோர்ன் ஸ்னேக் என்கிற நஞ்சில்லாத பாம்பின் குட்டி ஒன்றை வாங்கி வளர்த்தவன். அம்மாவுக்கு வந்த அதே இரக்கத்தால் அதைச் சாகடிக்கப் பார்த்தவனும் நான்தான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது பாம்பு வளர்க்கிறார்கள். அவர்களுக்காகவும், இங்கிருந்து அவர்களுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் விளங்க வேண்டியது, பாம்பின் பசி எங்கள் பசி இல்லை. நாங்கள் தின்பதில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே எரிந்துபோகிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. சூட்டை வெளியில் இருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் கொஞ்சச் சாப்பாடு கனநாளைக்குக் காணும். ஆனால் சாப்பிட்ட பிறகு அதன் உடம்புக்குள் நடப்பது பெரிய வேலை. பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால் 48 மணித்தியாலத்தில் அதன் இதயம் 40 சதவீதம் வரை பெருக்கிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடலும் கூடவே பெருக்கும், செரித்து முடிந்ததும் பழையபடி சுருங்கும். எல்லாப் பாம்பிலும் இந்த அளவுக்கு நடப்பதில்லை. என்றாலும் சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த நாட்கள் பட்டினி நாட்கள் இல்லை, செரிக்கிற நாட்கள்.

கணக்கு இதுதான். முட்டையில் இருந்து வந்து சில கிழமையான கோர்ன் ஸ்னேக், 15 கிராம் வரும்வரை, 5 முதல் 7 நாளைக்கு ஒரு தடவை ஒரே ஒரு பிங்கி. பிங்கி என்பது மயிர் முளைக்காத, கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சு. போல் பைதன் குட்டிக்கும் 5 முதல் 7 நாள்தான், ஆனால் இரை பெரிது: பாம்பின் நிறையில் 10 முதல் 15 சதவீதம். மருமகனின் பாம்பு 80 கிராம், ஆகவே 8 முதல் 12 கிராம் எலி. வளர வளர இடைவெளி கூடும். வளர்ந்த கோர்ன் ஸ்னேக்குக்கு 10 முதல் 14 நாள். வளர்ந்த போல் பைதன் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை சாப்பிட்டாலே போதும்.

இரையைக் கண்ணால் மட்டும் அளப்பது அடுத்த தவறு. பாம்பின் உடம்பில் ஆகத் தடித்த இடத்தின் தடிப்புக்கு இரையும் இருக்கலாம், அல்லது அதைவிட ஒரு சொட்டுக் கூட இருக்கலாம். விழுங்கிய பிறகு நடுவயிற்றில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தால் அளவு சரி. தோலின் செதில்கள் விலகி உள்தோல் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு வீங்கினால் கூடிப்போய்விட்டது. ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று வாங்குங்கள். கிழமைக்கு ஒருதரம் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரையில் அந்தக் கொப்பியைப் போல உதவி செய்வது வேறொன்றுமில்லை.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். என் பாம்பு அப்போது 12 கிராம். ஒரு பிங்கியை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டி நீட்டித் தேடுவதுபோல் பார்த்தது. மனசு கேட்கவில்லை, இன்னொன்று கொடுத்தேன். பிறகு கையில் எடுத்து விளையாட்டும் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்ததும் அழுகல் நாற்றம். மூலையில் அந்த எலிக்குஞ்சு கிடந்தது, தலைப்பக்கம் கரைந்துபோய், பின்னங்கால்கள் மட்டும் அப்படியே. பாம்பு தலையில் இருந்துதான் விழுங்கும், அதனால் செரித்ததும் தலையில் இருந்துதான். சின்னப் பாம்பு இப்படிக் கக்கினால் இரையோடு சேர்ந்து நீரையும் செரிப்பு நீர்களையும் இழக்கிறது, தொண்டையும் புண்ணாகிறது.

நான் அடுத்துச் செய்தது அதைவிட மோசம். வயிறு வெறுமையாகிவிட்டதே என்று அடுத்த நாளே திரும்பவும் ஊட்டினேன், அதுவும் வெளியே வந்தது. இரண்டாம் தடவைக்குப் பிறகு குட்டிகள் பிழைப்பது கஷ்டம். கக்கினால் 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும் வையுங்கள், கையில் எடுக்காதீர்கள். மறுகா, வழக்கத்தில் பாதி அளவு இரை கொடுங்கள். திரும்பவும் கக்கினால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். என் பாம்பு தப்பியது. ஆனால் நல்லாக இளைத்துவிட்டது, பழைய நிறைக்கு வர மாதக்கணக்கானது.

கக்குவதற்கு இன்னொரு காரணம் குளிர். இங்கே கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் வெக்கையில் எங்களுக்குச் சோறு இறங்காது. பாம்புக்கு அது தலைகீழ்: குளிரில்தான் செரிக்காது, வயிற்றிலேயே இரை பழுதாகும். போல் பைதனுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வேண்டும், மற்றப் பக்கம் 25 முதல் 27. கோர்ன் ஸ்னேக்குக்குச் சூட்டுப் பக்கம் 28 முதல் 30 போதும். கனடாக் குளிரில் ஹீட் மேட் என்கிற சூட்டு விரிப்பு இல்லாமல் இது நடக்காது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாளைக்குத் தூக்கவும் கூடாது.

சாப்பிட மறுத்தால் பதறி வாயைத் திறந்து திணிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்கி வந்த புதிதில் ஒரு கிழமை விட்டுவைத்து, அதன் பிறகு கொடுங்கள். கண் பால்போல் மங்கி நீலம் பாய்ந்திருந்தால் தோல் கழற்றப் போகிறது. அந்த நாட்களில் பல பாம்புகள் சாப்பிடாது. ஒளிக்க ஒரு இருட்டு மூலை இல்லாவிட்டாலும் போல் பைதன் சாப்பிடாது. கொப்பியைப் பாருங்கள். நிறை குறையாவிட்டால் அடுத்த கிழமை முயலலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் வைத்தியர்.

கடையில் வாங்கும் உறைந்த இரையை மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், வெடிக்கும். முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, கொடுக்க முன் பொலித்தீன் பையில் கட்டிச் சுடுதண்ணியில் விடுங்கள். நடுவில் ஐஸ் இருக்கக் கூடாது. குசினிப் பாத்திரம் பாவிக்காதீர்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சல்மொனெல்லா கிருமி சின்னப் பிள்ளைகளைப் படுக்கையில் போட்டுவிடும். உயிரோடு எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களின் பாம்புகளில் கடித்துக் குதறிய காயங்களைப் பார்த்திருக்கிறேன்.

பால் பற்றியும் சொல்ல வேண்டும். நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைப்பது எங்கள் பக்தி, அதை நானும் செய்கிறவன். ஆனால் பாம்பு பாலூட்டி இல்லை, பாலைச் செரிக்கும் வயிறும் அதற்கு இல்லை. தாகத்தில் தவித்தால் எதையும் குடிக்கும், அவ்வளவுதான். படுவான்கரையில் அறுவடை நேரம் வயலில் அகப்படுகிற வெங்கிணாந்திக் (மலைப்பாம்பு) குட்டியை வாளியில் போட்டுப் பாலும் சோறும் வைக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது செத்துப்போகும். அதோடு வெங்கிணாந்தி எங்கள் நாட்டில் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், அல்லது போக விடுங்கள். புடையனின் (கண்ணாடி விரியன்) குட்டியைப் பலர் வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுக்கிறார்கள். அதன் ஒரு கடி ஆளையே கொண்டுபோகும்.

புதன்கிழமை மருமகன் திரும்ப அழைத்தான். நீட்டுச் சாமணத்தில் 10 கிராம் எலியைப் பிடித்து மெல்ல ஆட்டினான். குட்டி தலையை ஒருதரம் பின்னுக்கு இழுத்தது, ஒரு வெட்டு, மூன்று சுற்று. அம்மா மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தா. வால் நுனி உள்ளே போனதும் கேட்டா:

"இனி எப்ப மனே?"

"வாற புதன் அம்மம்மா."

"சரி," என்றா, "அதுவரைக்கும் தண்ணியைக் குறைய விட்டுடாத."