எடின்பரோ மாணவர்களை ஆக்ஸ்ஃபோர்டில் குடிவைக்காதீர்கள்

19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் என்றதும் நமக்கு ஆக்ஸ்ஃபோர்டின் மதில் சூழ்ந்த கல்லூரி, இரவில் மூடும் வாசற்கதவு, எல்லோரும் கூடிச் சாப்பிடும் நீண்ட கூடம் இதெல்லாம் கண்முன் வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதும்போதும் அதையே எழுதிவிடுகிறோம். முதல் தவறு இது. அங்கே பெரும்பாலான மாணவர்கள் ஊருக்குள் வாடகை அறைகளில் இருந்தார்கள். பேராசிரியரிடமே கட்டணம் கட்டி, ஒவ்வொரு வகுப்புக்கும் தனிச் சீட்டு வாங்கினார்கள். வகுப்பு முடிந்தால் அவரவர் வழி. மாணவர்களுக்கென்றே கட்டிய டீவியட் ரோ மாளிகை 1889இல்தான் திறந்தது. அதுவரை, சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமென்றால் மாணவர் சங்கம்தான்.

அதனால் சங்கங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1737இல் தொடங்கிய ராயல் மெடிக்கல் சொசைட்டியில் மருத்துவ மாணவர்கள் கட்டுரை வாசித்து, சக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அவர்களுக்குச் சொந்த நூலகமே இருந்தது.

"டார்வின் எடின்பரோவில் காலத்தை வீணடித்தார்" என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு 1827இல் கிளம்பினார், உண்மை. ஆனால் பட்டம் வாங்காமல் போவது அன்று அங்கே சாதாரணம். அவர் கற்றது பிளினியன் என்ற இயற்கை அறிவியல் மாணவர் சங்கத்தில். 1827 மார்ச் 27 அன்று, 18 வயதில், ஃப்ளஸ்ட்ரா என்ற கடலுயிரின் முட்டைகள் தாமாக நகர்வதைத் தான் கண்டதாக அங்கே அறிவித்தார். அதே கூட்டத்தில் வில்லியம் பிரவுன் என்ற மாணவர், மனம் என்பது மூளையைத் தாண்டித் தனியாக இருக்கும் பொருள் அல்ல என்று வாதாடினார். அப்புறம் யாரோ அந்தப் பேச்சை மினிட்ஸ் நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். எனக்கு டார்வினின் கண்டுபிடிப்பைவிட அந்தக் கோடுதான் பெரிதாகப் படுகிறது. எதைப் பேசினால் அந்த அறை பதறியது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மினிட்ஸில் இருக்கும் வரிகளை மட்டும் நம்பி எழுதினால் பாதிதான் கிடைக்கும், அடித்ததையும் படியுங்கள்.

பெண்கள் விஷயத்தில் இரண்டு தவறுகள். 1870 நவம்பர் 18 அன்று, சர்ஜன்ஸ் ஹால் என்ற கட்டடத்தில் தேர்வெழுத வந்த மருத்துவ மாணவி சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கையும் அவருடன் படித்த தோழியரையும் ஒரு கூட்டம் சேறு வீசி மறித்தது. "மாணவர்கள் தாக்கினார்கள்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டதும், பிறகு காவலாக உடன் நடந்ததும் மாணவர்களே. அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, அவர்கள் எடின்பரோவில் படித்துப் பட்டம் பெற்றதாக எழுதுவது. படிப்பை முடித்துப் பட்டம் பெறும் உரிமைக்காக அவர்கள் பல்கலைக்கழகத்தின் மேல் போட்ட வழக்கு 1873இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. பல்கலைக்கழகம் ஜெக்ஸ்-பிளேக் உட்பட அந்த 7 பெண்களுக்கும் கௌரவப் பட்டம் வழங்கியது 2019இல். அவர்களுக்காக இன்றைய மாணவிகள் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.